பைப்ஸா மாடல்ல வார்னிங் மழை: எதை விடலாம், எதை விடவே கூடாது

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்குப் புரியணும்ல. பைப்ஸாங்கறது மின்சார நெட்வொர்க்கைக் கணக்குப் போட்டுப் பாக்கற பைத்தான் சாஃப்ட்வேர். கேள்வி கேட்டவர் தமிழ்நாடு கிரிட்டை ஆறு பஸ் (லைன்கள் வந்து சேர்ற இடம்) வச்சு அதுல மாடல் பண்ணிருக்கார். ரன் பண்ணா வரிசையா வார்னிங் கொட்டுது: கேரியர் (எரிபொருள் வகை) டிஃபைன் ஆகல, ஒரு லைனுக்கு எக்ஸ் (ரியாக்டன்ஸ், ஏசி கரண்டுக்கு லைன் காட்டற எதிர்ப்பு) சைபரா இருக்கு, சோலார் டைம் சீரீஸ் ஸ்னாப்ஷாட்டோட (மாடல் கணக்குப் போடற நேரங்கள்) அலைன் ஆகல, அதைச் சரி பண்ணா நேன் (நம்பரே இல்லாத வெத்து) வேல்யூ இருக்கு, கூடங்குளத்துக்கு மேக்ஸிமம் உற்பத்தி மினிமத்தை விட கம்மி. கடைசில விடை கண்டுபிடிக்கற ஹைஸ் சால்வர் ‘இன்ஃபீசிபிள்’னு, அதாவது எல்லா நிபந்தனைக்கும் ஒத்து வர்ற விடையே இல்லன்னு, சொல்லிட்டு நின்னுடுது. நேன் இருக்கற இடத்துல எல்லாம் சைபர் போட்டு, ரெண்டு மூணு வரியை கமென்ட் பண்ணி எப்படியோ ஓட வச்சா, மாடல் ஒரு மெகாவாட் சோலார் கூட கட்ட மாட்டேங்குது. "எரர் இல்லையே, வார்னிங் தானே, விட்டுடலாமா?"னு கேக்கறார்.

விட்டுடாதீங்க. உங்க லிஸ்ட்ல இருக்கற அஞ்சுல அஞ்சுமே உண்மையான தப்பைத்தான் காட்டுது, அதுல நாலை நீங்க சரி பண்ணல, அதோட வாயை அடைச்சிருக்கீங்க, அவ்ளோதான். சோலார் வராததுக்குக் காரணமும் அங்கேயேதான் இருக்கு, கீழ வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நோட்புக்ல செவப்பா வர்றது எல்லாமே ஒரே ஆள் பேசறது இல்ல. பைத்தானும் பாண்டாஸும் (டேபிள் டேட்டாவைக் கையாள்ற பைத்தான் லைப்ரரி) பேசறது ஒண்ணு, ‘ஃபியூச்சர் வார்னிங்’, ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ மாதிரி. இன்னிக்கு உங்க விடையை அது கெடுக்காது, அடுத்த வெர்ஷன்ல இந்த கோடு உடையும்னு சொல்லுது, வெர்ஷன் நம்பரை எழுதி வச்சுக்கிட்டு தாராளமா அப்புறம் பாக்கலாம். பழைய டுடோரியல் பாத்து ‘லோப்ஃப்’ ஃபங்ஷன்ல எழுதினவங்க எல்லாம் ‘ஆப்டிமைஸ்’க்கு மாற வேண்டி வந்தது, அந்த வகை. ரெண்டாவது, பைப்ஸாவே பேசறது, அதாவது சால்வ் பண்றதுக்கு முன்னாடி அது தானா ஓட்டற கன்சிஸ்டன்சி செக், டேட்டா ஒண்ணோடொண்ணு பொருந்துதான்னு பாக்கறது. மூணாவது சால்வர் பேசறது. இந்த ரெண்டும் உங்க டேட்டாவைப் பத்திப் பேசுது. நிறைய பேர் நோட்புக் உச்சில வார்னிங்ஸ் ஃபில்டர் ‘இக்னோர்’னு ஒரு வரி போட்டுடறாங்க, அது முதல் வகையைத்தான் மறைக்கும், பைப்ஸா லாகிங் வழியா பேசறதால அது அப்படியே வந்துக்கிட்டே இருக்கும், உடனே லாகிங் லெவலையும் எரருக்கு ஏத்தி அதையும் அடைச்சிடறாங்க. நான் சொல்றது நேர் எதிர். கன்சிஸ்டன்சி செக்ல ‘ஸ்ட்ரிக்ட்’னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்கு ‘ஆல்’னு குடுத்தா வார்னிங் எல்லாம் எரரா மாறி அங்கேயே நிக்கும். கத்துக்கற காலத்துல அப்படித்தான் ஓட்டணும்.

சரி, ஒண்ணொண்ணா.

கேரியர் டிஃபைன் ஆகலங்கறது பாக்க ரொம்ப சாதுவா இருக்கும், பாதி நேரம் சாதுதான், பேருக்கு ஒரு கேரியர் சேர்த்தா போயிடும். ஆனா நீங்க கார்பன் லிமிட் வேற வச்சிருக்கீங்க. உங்க கேரியர் டேபிள்ல நிலக்கரிக்கு சின்ன எழுத்துல பேர் வச்சு எமிஷன் குடுத்திருக்கீங்க, ஜெனரேட்டர் ஷீட்ல அதே பேர் முதல் எழுத்து பெருசா இருக்கு. பைப்ஸாவுக்கு அது ரெண்டும் வேற வேற. அப்போ உங்க மேட்டூர், வட சென்னை, தூத்துக்குடி மொத்தமும் புகையே இல்லாம ஓடுது, லிமிட் ஒரு நாளும் இடிக்கப் போறதில்ல. இதுல இன்னொரு ஆபத்து, ‘சானிடைஸ்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, விட்டுப்போன கேரியரை எல்லாம் அதுவே சேர்த்துடும், வார்னிங் மாயமா மறையும், ஆனா சேர்க்கறப்போ எமிஷன் சைபர்தான். அதனால பேரைத் திருத்துங்க, சேர்க்காதீங்க. அப்படியே எஃபிஷியன்சியையும் பாத்துடுங்க. கேரியர்ல குடுக்கற எமிஷன் எரிபொருள் வெப்பத்துக்கு, கரண்டுக்கு இல்ல. நிலக்கரிக்கு ஒரு மெகாவாட்-ஹவர் வெப்பத்துக்கு சுமார் 0.34 டன்னு வச்சுக்கிட்டா, பிளான்ட் எஃபிஷியன்சி 0.35னா கரண்டுக்கு 0.97 டன் ஆகுது. எஃபிஷியன்சி கட்டத்தைக் காலியா விட்டா டீஃபால்ட் 1, கரண்டுக்கும் 0.34 தான். இதுக்கு எந்த வார்னிங்கும் வராது.

அடுத்து எக்ஸ் சைபர். இது எந்த லைன்னு பாத்தேன், ராய்கர் – புகளூர். அது ஏசி லைனே இல்லீங்க. சத்தீஸ்கர்லேர்ந்து கரூர் பக்கம் வர்ற 800 கேவி எச்விடிசி (உயர் வோல்டேஜ் டிசி, அதாவது நேர்மின்னோட்ட லைன்), 6,000 மெகாவாட். அதை ‘லைன்’னு சேர்த்ததுனாலதான் ரியாக்டன்ஸ் எங்கன்னு பைப்ஸா கேக்குது. நீங்க 0.0001 போட்டு வாயடைச்சிட்டீங்க. என்ன ஆகும்னா, ஏசி நெட்வொர்க்ல ஒரு லூப்ல பவர் எப்படிப் பிரியும்கறதை ரியாக்டன்ஸ்தான் முடிவு பண்ணுது, தண்ணி பள்ளத்தைத் தேடி ஓடற மாதிரி, எக்ஸ் கம்மியா இருக்கற பாதைக்கே எல்லாம் பாயும். மத்த லைன்ல எல்லாம் இடம் இருந்தும், மாடல் இந்த ஒரு லைன் ரொம்பினதும் கைவிரிச்சிடும். எச்விடிசின்னா நாம சொன்ன அளவு பவரை அனுப்பலாம், அதுதானே அதோட விசேஷமே, அதனால அதை ‘லிங்க்’ஆ சேர்க்கணும்.

லிங்க் சேர்க்கறப்போ இன்னொரு குழி இருக்கு. ரெண்டு பக்கமும் ஓடணும்னு மினிமத்தை மைனஸ் 1 ஆக்கி, நஷ்டத்துக்காக எஃபிஷியன்சி 0.97 குடுப்பாங்க. நேர்த்திசைல 100 போட்டா 97 வரும், சரி. திருப்பி ஓட்டினா? அந்தப் பக்கம் 97 எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் 100 குடுக்கும். காத்துலேர்ந்து கரண்டு. சால்வருக்கு மனசாட்சி கிடையாது, இந்த மாதிரி ஒரு ஓட்டை கிடைச்சா அதுல புகுந்து விளையாடிடும். நஷ்டம் வேணும்னா போக ஒரு லிங்க், வர ஒரு லிங்க்னு ரெண்டா போடுங்க, இல்லன்னா எஃபிஷியன்சியை 1லயே விட்டுடுங்க.

எக்ஸ் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், உங்க பஸ் டேபிள்ல வோல்டேஜுக்குக் கட்டமே இல்ல. டீஃபால்ட் 1 கேவி. எக்ஸை ஓம்ல குடுக்கறீங்க, பைப்ஸா அதை வோல்டேஜோட வர்க்கத்தால வகுத்து பெர் யூனிட்டா மாத்துது. எல்லா லைனும் 400 கேவின்னா எல்லாமே ஒரே மாதிரி தப்பா இருக்கும், பிரிவு மாறாது, தப்பிச்சீங்க. ஆனா உங்ககிட்ட 230 கேவியும் கலந்திருக்கு. 400க்கு வர்க்கம் 1,60,000, 230க்கு 52,900, அதாவது மூணு மடங்கு வித்தியாசம். உங்க 230 லைன்கள் எல்லாம் இருக்கறதை விட மூணு மடங்கு ஈஸியா பவரை இழுத்துக்கிட்டிருக்கு. இதுக்கும் வார்னிங் இல்ல.

இப்போ முக்கியமான இடம், அலைன் ஆகல, அப்புறம் நேன். உங்க சோலார் செத்தது இங்கதான்.

நீங்க சோலார் ப்ரொஃபைலை ஈஆர்ஏ5ங்கற வானிலை டேட்டாலேர்ந்து எடுத்திருக்கீங்க. அது யூடிசி நேரம் (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி), மணிக்கு ஒரு வேல்யூ, 00:00, 01:00, 02:00ன்னு. லோடு, அதாவது மின்தேவை டேட்டா நம்ம ஊர்ப்படி 15 நிமிஷ பிளாக், நாளைக்கு 96, இந்திய நேரம். ரெண்டும் ஒரே நேரத்துல இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அது பாராட்ட வேண்டிய விஷயம், பாதி பேருக்குத் தெரியாது. அதனால சோலார்ல அஞ்சரை மணி நேரம் கூட்டினீங்க. இப்போ சோலார் நேரம் எல்லாம் 05:30, 06:30, 07:30ன்னு அரை மணில வந்து உக்காந்திடுச்சு. உங்க ஸ்னாப்ஷாட் 05:00, 06:00, 07:00. பைப்ஸா சொன்னது இதைத்தான், இண்டெக்ஸ் ஒத்துப்போகலன்னு. நீங்க உடனே ரீ-இண்டெக்ஸ் பண்ணீங்க. பாண்டாஸ் 06:00க்கு யாராவது இருக்காங்களான்னு தேடுது, யாரும் இல்ல, நேன் போட்டுது. 07:00, யாரும் இல்ல, நேன். வருஷம் முழுக்க ஒரு மணி கூட ஒத்துப்போகாது, ஏன்னா ஒரு பக்கம் முழு மணி, ஒரு பக்கம் அரை மணி. அடுத்த வார்னிங் நேன் இருக்குன்னு வந்துது, அதுல சைபரை நெரப்பிட்டீங்க. 8,760 மணி நேரமும் சோலார் சைபர். மாடல் சோலார் கட்டாம என்ன பண்ணும் பாவம், கட்டினா கரண்டே வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

டெல்லிக்கும் இதே கதி, கொழும்புக்கும் இதே கதி, ஆனா ஜெர்மனில உக்காந்து மாடல் பண்றவனுக்கு இது வராது, அவனுக்கு வித்தியாசம் ஒரு மணியோ ரெண்டு மணியோ, முழுசா இருக்கும். பைப்ஸா பிறந்ததே ஃப்ராங்ஃபர்ட்ல, இப்போ வளர்றது பெர்லின் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில, அந்த டாகுமெண்டேஷன் உதாரணத்துல எல்லாம் அரை மணிப் பிரச்சனையைத் தேடினா கிடைக்காது, நம்மளா பாத்துக்க வேண்டியதுதான்.

சரி பண்றது எப்படின்னா, சோலாரை நகர்த்தாதீங்க, லோடை நகர்த்துங்க. லோடு 15 நிமிஷ டேட்டா, அதுல அஞ்சரை மணி கழிச்சா 05:30 பிளாக் கரெக்டா 00:00 யூடிசில வந்து உக்காரும், அங்கேர்ந்து நாலு நாலு பிளாக்கா சராசரி எடுத்தா சுத்தமான மணி நேர லோடு கிடைச்சிடும், எதையும் இன்டர்போலேட் (நடுவுல ஊகிச்சு நெரப்பறது) பண்ண வேண்டாம். மாடல் முழுக்க யூடிசில ஓடட்டும், படம் போடறப்போ மட்டும் இந்திய நேரத்துக்கு மாத்திக்கலாம். ஒரே ஒரு இடைஞ்சல், டிசம்பர் 31 சாயங்காலம் 18:30 யூடிசிக்கு மேல லோடு இருக்காது, அது அடுத்த வருஷ ஃபைல்ல இருக்கு. அந்த அஞ்சரை மணி நேன் மட்டும்தான் நியாயமான நேன், அதுக்கு முந்தின நாள் வேல்யூவைப் போட்டு நெரப்புங்க, யாரும் கேக்க மாட்டாங்க. லீப் வருஷமான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க, 2024க்கு 8,784 மணி.

நான் இதுல நகர்த்தவே இல்லாம மாட்டினவன். லோடு இந்திய நேரம், சோலார் யூடிசி, ரெண்டுலயும் டைம்ஜோன் குறிப்பு இல்ல, இண்டெக்ஸ் பாக்க அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தது, அதனால வார்னிங்கும் வரல. ஒரு மீட்டிங்ல கிராஃபை ஜம்முனு போட்டுக் காட்டினேன், லோடு டிஸ்பாச்ல வேலை பாத்து ரிடையர் ஆன ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "ஏன் தம்பி, உங்க ஊர்ல சூரியன் காலைல ஆறே முக்காலுக்கே உச்சிக்கு வந்துடுதா?"ன்னார். சென்னைல சூரியன் உச்சிக்கு வர்றது மத்தியானம் பன்னண்டு பத்து சுமாருக்கு, யூடிசில அது 06:40. அதுலேர்ந்து எந்த மாடலா இருந்தாலும் சால்வ் பண்றதுக்கு முன்னாடி ஏப்ரல்ல ஒரு நாளை எடுத்து லோடையும் சோலாரையும் ஒண்ணா பிளாட் பண்ணிப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை.

இதே குடும்பத்துல இன்னொரு வார்னிங் இருக்கு, உங்களுக்கு வரல, ஆனா காத்தாலை சேர்க்கறப்போ வரும்: டைம் சீரீஸ் இருக்கு, ஆனா அந்தப் பேர்ல ஜெனரேட்டர் இல்லைன்னு. பேருக்குப் பின்னாடி எக்ஸெல்ல ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கும். சைபர் ஆகறதுக்கு நேர் எதிர் இது. சீரீஸ் போய்ச் சேராத ஜெனரேட்டருக்கு டீஃபால்ட் மேக்ஸிமம் 1, அதாவது ஆரல்வாய்மொழில ஜனவரிலயும் ஆடி மாசக் காத்து அடிக்கும், சோலாரா இருந்தா நடுராத்திரிலயும் முழுசா ஓடும். ரிசல்ட் ரொம்ப நல்லா வந்தா சந்தேகப்படுங்க.

கூடங்குளம். மினிமம் 0.7னு (முழுத் திறன்ல 70 சதவீதம்) ஒரே நம்பரா குடுத்திருக்கீங்க, மேக்ஸிமத்தை டைம் சீரீஸா குடுத்து எரிபொருள் மாத்தற மாசங்கள்ல சைபர் ஆக்கிருக்கீங்க. அந்த மாசங்கள்ல யூனிட் 0.7க்குக் கீழ போகக் கூடாது, சைபருக்கு மேலயும் போகக் கூடாது. யாரால முடியும்? வார்னிங் அதையேதான் சொல்லுது, ‘இன்ஃபீசிபிள்’ ஆகலாம்னும் சேர்த்தே சொல்லுது, ஆகவும் ஆச்சு. மினிமத்தையும் டைம் சீரீஸ் ஆக்கி, இருக்கற அளவோட 0.7ஐப் பெருக்கிக் குடுங்க. யூனிட் கமிட்மென்ட் (யூனிட் ஓடணுமா நிக்கணுமான்னு மாடலே முடிவு பண்றது) ஆன் பண்ணியும் பண்ணலாம், ஆனா அது முழு எண் மாறிகளைக் கொண்டு வரும், ஒரு ரெண்டு யூனிட்டுக்காக மொத்த மாடலையும் மெதுவாக்க வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம்.

இந்த மாதிரி முரண்பாடுன்னா ஹைஸ் உடனே கண்டுபிடிச்சிடும், பிரிசால்வ்லயே (சால்வ் பண்றதுக்கு முன்னாடி கணக்கைச் சுருக்கற கட்டம்) இன்ஃபீசிபிள்னு லாக்ல வரும். அது ஒரு நல்ல துப்பு. ஒரு செகண்ட்ல செத்தா எங்கயோ கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிருக்குன்னு முதல்ல தேடுங்க, ரொம்ப நேரம் முக்கிட்டு அப்புறம் சொன்னா பெரும்பாலும் லோடுக்கும் சப்ளைக்கும் கட்டாத கணக்கு. ரெண்டாவது ரகத்துக்கு பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு பஸ்லயும் ஒரு லோடு ஷெட்டிங் ஜெனரேட்டர் (மின்வெட்டுக்குப் பதிலா நிக்கற கற்பனை ஜெனரேட்டர்) போடறது, எல்லாத்தையும் விட விலை அதிகமா வச்சு. இப்போ மாடல் சால்வ் ஆகும், எங்க எப்ப அது ஓடுதுன்னு பாத்தா வியாதி தெரிஞ்சிடும். எல்லா பஸ்லயும் எல்லா மணிலயும் ஓடினா அளவோட யூனிட் தப்பு, நம்ம ஊர் டேட்டால மில்லியன் யூனிட்னு குடுப்பாங்க, ஒரு மில்லியன் யூனிட் 1,000 மெகாவாட்-ஹவர், நாளைக்கு 400 மில்லியன் யூனிட்னா சராசரி 16,667 மெகாவாட், இந்த மாத்தல்ல ஒரு சைபர் கூடிடும். ஒரே ஒரு பஸ்ல மட்டும் ஓடினா அந்த பஸ் நெட்வொர்க்கோட சேரல, ஒரு ஷீட்ல புகளூர் இன்னொண்ணுல புகலூர்னு இருக்கும். சில மணிகள்ல மட்டும்னா டைம் சீரீஸ்ல ஓட்டை. ஷெட்டிங் போட்டும் இன்ஃபீசிபிள்னா பற்றாக்குறை பிரச்சனையே இல்ல, எங்கயோ ஒரு மினிமம் அதிகமா இருக்கு, இல்ல ஸ்டோரேஜ் ஆரம்பமும் முடிவும் கட்டல. குரோபிங்கற இன்னொரு சால்வருக்கு லைசென்ஸ் இருந்தா, பைப்ஸாவுக்காக கணக்கை எழுதிக் குடுக்கற லினோபைல இன்ஃபீசிபிளிட்டியை பிரிண்ட் பண்ற வசதி இருக்கு, முட்டிக்கற கன்ஸ்ட்ரெய்ன்ட் (நிபந்தனை) எதெதுன்னு பேரோட குடுக்கும், மாணவர்களுக்கு அகாடமிக் லைசென்ஸ் இலவசம், வாங்கி வச்சுக்கோங்க.

சால்வர் வார்னிங்ல ரொம்ப பயமுறுத்தறது நம்பர் சைஸ் பத்தினது. ஹைஸ் 10^-9க்குக் கீழ இருக்கற மேட்ரிக்ஸ் வேல்யூவை எல்லாம் விட்டுட்டேன்னு சொல்லும், அது விடியற நேரத்துல சோலார் ப்ரொஃபைல்ல வர்ற தூசி, அதை விட்டதுல ஒரு நஷ்டமும் இல்ல, பைப்ஸாவோட ஐரோப்பா மாடல்லயே 0.01க்குக் கீழ இருக்கறதை சைபர் ஆக்கற செட்டிங் இருக்கு, நீங்களும் பண்ணிடுங்க. காஸ்ட் ரொம்பப் பெருசுன்னு சொன்னா அது நம்ம ரூபாயோட குணம். மெகாவாட்டுக்கு 4 கோடி, 25 வருஷம், 10 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 44 லட்சம், பக்கத்துல மார்ஜினல் காஸ்ட் (ஒரு மெகாவாட்-ஹவர் கூடுதலா எடுக்கற செலவு) ஆயிரக்கணக்குல, ஷெட்டிங்குக்கு வேற பத்து சைபர் போட்டு வச்சிருப்பீங்க. ஆயிரம் ரூபாயை ஒரு யூனிட்டா வச்சுக்கோங்க, ஷெட்டிங் விலையை மத்ததை விடக் கொஞ்சம் மேல வச்சாப் போதும், ஆகாசத்துக்கு வேண்டாம். கார்பன் லிமிட்டை டன்ல குடுத்தா வலது பக்கம் கோடிக்கணக்குல நிக்கும், ஆயிரம் டன்ல குடுங்க, ஆனா அதோட கேரியர் எமிஷனையும் அதே யூனிட்டுக்கு மாத்தணும். குரோபி கோஎஃபிஷியன்ட் ரேஞ்ச் பெருசுன்னு சொல்றதும் இதே சங்கதிதான். டாலரன்ஸ் 10^-6, அதுக்குப் பக்கத்துல உங்க நம்பர் இருந்தா அது நம்பரா ரவுண்டிங் பிழையான்னு அதுக்கே தெரியாது. முதல்ல யூனிட்டைத் திருத்துங்க, நியூமரிக் ஃபோகஸ் மாதிரி சால்வர் செட்டிங் எல்லாம் கடைசி மருந்து.

ஷேடோ பிரைஸ் (ஒரு நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினா செலவு எவ்ளோ மாறும்ங்கறது) அசைன் ஆகலன்னு நீளமா ஒரு செய்தி வரும், அது வார்னிங்கே இல்ல, வெறும் தகவல், விட்டுடுங்க. பஸ் விலை தனியா இருக்கவே இருக்கு.

இப்போ இதெல்லாம் சரி பண்ணிட்டு ஓட்டினாலும் உங்க சோலார் வராது, அதையும் இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா நாளைக்கு மறுபடி வந்து நிப்பீங்க. டெஸ்டுக்காக ஒரு வாரம், 168 மணி மட்டும் ஓட்டறீங்க. கேபிடல் காஸ்ட் வருஷத்துக்கு 44 லட்சம். வெயிட்டிங் (ஒரு ஸ்னாப்ஷாட்டை எத்தனை மணியா எண்ணணும்ங்கறது) டீஃபால்ட் 1ங்கறதால மாடலைப் பொறுத்தவரை உலகமே அந்த ஒரு வாரம்தான். ஒரு மெகாவாட் சோலார் 25 சதவீதம் ஓடினா வாரத்துல 42 மெகாவாட்-ஹவர், யூனிட் மூணரை ரூபான்னு மிச்சம் பண்ணாலும் 1 லட்சத்து 47 ஆயிரம், அதுக்கு 44 லட்சம் யார் குடுப்பா? அதே வருஷம் முழுக்கன்னா 2,190 மெகாவாட்-ஹவர், 76 லட்சத்துக்கு மேல, கண்ணை மூடிக்கிட்டு கட்டும். ஸ்னாப்ஷாட் வெயிட்டிங்கை 8760ஐ 168ஆல வகுத்து, 52.14ன்னு, ஆப்ஜெக்டிவுக்கும் (மொத்தச் செலவுக் கணக்கு) ஜெனரேட்டருக்கும் குடுங்க. ஸ்டோரேஜ் கட்டத்துல மட்டும் 1ஏ இருக்கட்டும், அங்க அது ஒரு ஸ்னாப்ஷாட் எத்தனை மணி நேரம்ங்கறது, 52 ஆக்கினா கடம்பாறை நீரேத்து ஸ்டோரேஜ் ஒரே மணில ரொம்பிடும்.

திருத்திட்டு முதல்ல 24 மணி, ஸ்ட்ரிக்ட் ஆன் பண்ணி ஓட்டுங்க. மறுபடி ஏதாவது வந்தா லாகோட கடைசி வரியை மட்டும் அனுப்பாதீங்க, மேலேர்ந்து முதல் வார்னிங்கையும் சேர்த்து அனுப்புங்க, உங்க கேஸ்ல கூட ‘அலைன் ஆகல’ங்கறது நேனுக்கு முன்னாடியே வந்துடுச்சு.